பைபாஸ் முடிந்து வந்த அப்பா: கால் நடக்கட்டும், கை பொறுக்கட்டும்

கேள்வி இதுதான். கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கம் ஒரு கமக்காரக் குடும்பம். அப்பாவுக்கு 61 வயது. ஓகஸ்ட் முதல் கிழமையில் கொழும்பில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்து, இன்றோடு 18 நாள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த துண்டில், மற்ற எல்லாவற்றுக்கும் கீழே, இருதயப் புனர்வாழ்வு தொடங்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதாம். அது என்ன, எங்கே, எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா அவரைச் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்ப விடுகிறாரில்லை. அவரோ காலபோக விதைப்புக்கு வயலில் இறங்கியே தீருவேன் என்கிறார். மகள் கேட்கிறார்: இதில் யார் சொல்வது சரி?

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. அம்மா அவருடைய கையை நினைத்துப் பயப்படுகிறார், அந்தப் பயம் நியாயமானது. அப்பா தன் காலை நம்புகிறார், அந்த நம்பிக்கையும் நியாயமானதுதான். பிழை எங்கே வருகிறதென்றால், அம்மா காலையும் சேர்த்துக் கட்டிவைக்கிறார், அப்பா கையையும் சேர்த்து அவிழ்த்துவிடப் பார்க்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக வன்னி வைத்தியசாலைகளில் பிஸியோவாக, அதாவது இயன்மருத்துவராக, வேலை செய்கிறேன். நெஞ்சு திறந்து வந்த ஆட்களில் நான் கண்ட சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதலில் அந்தச் சொல்லைத் தள்ளி வைப்போம். 'புனர்வாழ்வு' என்றால் வன்னியில் வேறொன்று: போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த முகாம். சில வருடங்களுக்கு முன் ஒரு நோயாளியின் மனைவியிடம், "இவரைப் புனர்வாழ்வுக்கு அனுப்பவேண்டும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருடைய முகம் வெளிறிப்போனது. "அதை அவர் 2010இலேயே முடிச்சுக்கொண்டு வந்திட்டாரே, இன்னும் எத்தனை மாதம் சேர்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் 'நெஞ்சுப் பயிற்சி' என்றுதான் சொல்வது. நீங்களும் வீட்டில் அப்படியே சொல்லுங்கள். யாரும் யாரையும் எங்கும் கொண்டுபோகப் போவதில்லை.

சரி, விஷயம் என்ன? அளவு பார்த்துக் கூட்டிக்கொண்டுபோகும் உடற்பயிற்சி, மருந்தை ஒழுங்காக எடுப்பது, அடைப்பைக் கொண்டுவந்த காரணங்களைக் குறைப்பது, மனதையும் கவனிப்பது. இவ்வளவும் சேர்ந்ததற்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்கா போன்ற இடங்களில் கிழமைக்கு மூன்று நாள் வீதம் 12 கிழமை, மொத்தம் 36 தடவை, ஈசிஜி வயரைக் கொழுவிக்கொண்டு ட்ரெட்மில்லில் நடக்கவிடுவார்கள். நமக்குப் பக்கத்தில் அப்படியொரு கூடத்தைத் தேடிக் களைக்கவேண்டாம். வீட்டில் செய்யும் பயிற்சியையும் நிலையத்துக்குப் போய்ச் செய்யும் பயிற்சியையும் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலன் ஏறத்தாழ ஒன்றாகத்தான் வந்திருக்கிறது. இப்படிப் பயிற்சி செய்கிறவர்களில் இருதய நோயால் வரும் மரணம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது, திரும்ப வாட்டில் படுக்கும் தேவையும் குறைகிறது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை ஒன்று இருந்தால் கடன்பட்டாவது வாங்கிக் கொடுப்போம். நடை என்றபடியால் யாரும் மதிப்பதில்லை.

"எப்போது தொடங்குவது" என்றால், தொடங்கி 18 நாளாகிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ அவரைக் கட்டிலில் இருத்தி, கதிரைக்கு மாற்றி, விறாந்தையில் நாலு அடி நடத்தியிருப்பார்கள். அதுதான் முதற்படி. மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்ரிக் சாமான் தந்து மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லியிருப்பார்களே, அதுவும் இதில் சேர்ந்ததுதான். அந்தச் சாமான் இப்போது பேரப்பிள்ளையின் கையில் இருக்கும் என்பது என் ஊகம். வாங்கிக் கழுவி, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை பத்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். ஊதுவதல்ல, இழுப்பது. முதல் ஒரு மாதத்துக்கு அது நல்லது. சத்திரசிகிச்சையின்போது சுருங்கிய நுரையீரலின் அடிப்பகுதி அதில்தான் விரியும்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினால் பாதிப் பயம் போய்விடும். நெஞ்சின் நடு எலும்பை மேலிருந்து கீழாக அறுத்துத் திறந்து, வேலை முடிந்தபின் துருப்பிடிக்காத கம்பியால் கட்டியிருக்கிறார்கள். காலிலிருந்து எடுத்த நாளத்தையும் நெஞ்சுச் சுவரின் உட்புறத்திலிருக்கும் நாடியையும் வைத்து அடைப்புக்கு அப்பால் இரத்தம் போக வழி செய்திருக்கிறார்கள். ஆகவே இருதயத் தசைக்கு இப்போது முந்தியை விட நல்ல இரத்தம் கிடைக்கிறது. ஆறவேண்டியது எலும்பு. அது ஓரளவு பொருந்த 6 முதல் 8 கிழமை, நன்றாக இறுக 12 கிழமை. நீரிழிவு இருந்தால், புகைத்தவராக இருந்தால் இன்னும் தாமதிக்கும். நடக்கும்போது எலும்பில் பாரம் விழுவதில்லை. பாரம் விழுவது தூக்கும்போது, இழுக்கும்போது, கையை ஊன்றி எழும்பும்போது. அதனால்தான் காலுக்கு இப்போதே வேலை கொடுக்கச் சொல்கிறேன், கையைப் பொறுக்கச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். வைத்தியசாலைத் துண்டில் எக்கோ முடிவு இருக்கும், அதில் இருதயம் எவ்வளவு பலமாக இரத்தத்தைத் தள்ளுகிறது என்று வீதக் கணக்கில் ஒரு எண் போட்டிருப்பார்கள். 55க்கு மேல் என்றால் நான் சொல்லும் வேகம் பொருந்தும். 40க்குக் கீழே என்றால் கூட்டுவதைப் பாதி வேகத்துக்குக் குறையுங்கள், டொக்டரிடம் கேட்காமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

நடைக்கு வருவோம். இவ்வளவு நாளும் கதிரையில் இருந்தவர் என்பதால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். விறாந்தையிலிருந்து படலை வரை போய் வருவது போதும், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டுங்கள். ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் நடக்கிறார் என்றால் தடவையை இரண்டாகக் குறைக்கலாம். ஆறாம் கிழமை முடிவில் ஒழுங்கையில் 25, 30 நிமிடம் ஒரே சீராக நடக்கவேண்டும், அதுதான் இலக்கு. தொடக்கத்தில் மூன்று நிமிடமும் முடிவில் மூன்று நிமிடமும் மாடு மேய்க்கிற நடை. நடந்துவந்து தொப்பென்று கதிரையில் விழக்கூடாது, கால் தசையில் நின்ற இரத்தம் மேலே ஏறாமல் தலை சுற்றும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகவேண்டும்.

அளவு எப்படித் தெரியும்? பக்கத்தில் நடக்கிற உங்களோடு வயற்கதை கதைத்துக்கொண்டு வரவேண்டும். வசனத்தை முடிக்காமல் நடுவில் மூச்சு வாங்கினால் கூடிப்போச்சு. தேவாரம் பாடிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் கொஞ்சம் எட்டி வைக்கலாம். நாங்கள் கிளினிக்கில் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வைத்துக் களைப்பைக் கேட்போம், 11க்கும் 13க்கும் இடையில் நிற்கவேண்டும். அதாவது 'இலேசு' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் நடுவில். நாடி பார்க்கத் தெரிந்தால், இருந்த நிலையில் உள்ள துடிப்பை விட 20, கூடினால் 30க்கு மேல் ஏறவேண்டாம். பிசோப்ரோலோல், மெற்றோப்ரோலோல், கார்வெடிலோல் மாதிரி ஒரு மாத்திரை அவருக்கு எழுதியிருந்தால் துடிப்பு அவ்வளவு ஏறாது. அப்போது நாடியை விடக் கதைத்துப் பார்ப்பதே நம்பிக்கையான அளவு. அடுத்த நாள் காலையும் பார்க்கவேண்டும். விடிய எழும்பும்போது அலுப்பாக இருக்கிறதென்றால், முந்தின நாள் கூட்டியதைக் கழித்துவிட்டு இரண்டு நாளைக்கு அதிலேயே நில்லுங்கள்.

நேரம் முக்கியம். இந்த மாதத்து வெயிலில் காலை ஏழுக்குப் பிறகும் பின்னேரம் ஐந்துக்கு முன்பும் வெளியே நடக்கவேண்டாம். நீர் போகிற மாத்திரை குடிக்கிறவருக்கு வெயில் இரட்டிப்பாக வேலை செய்யும், அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார். குளக்கட்டு நல்ல சமதரை, காற்றும் வரும். ஆனால் யானை வந்துபோகிற பக்கம் என்றால் இருட்டோடு போகவேண்டாம், வளவைச் சுற்றியே நடக்கட்டும். நாய் துரத்தினால் கையில் மெல்லிய தடி இருக்கட்டும். கல் எறியக்கூடாது. சிரிக்கவேண்டாம், ஒழுங்கையில் நாய்க்குக் கல் எறிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

இனிக் கை. பொதுவாக முதல் இரண்டு மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவேண்டாம் என்பார்கள். சத்திரசிகிச்சை செய்த இடத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். ஐந்து கிலோ என்றால் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று. கிணற்று வாளி பத்து லீற்றர் பிடிக்கும், அதுவும் கப்பியில் இழுக்கும்போது இரண்டு கையும் மாறி மாறி மேலே போய்க் கீழே வரும், நெஞ்செலும்பின் இரண்டு பாதியையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற வேலை அது. மோட்டார் இருந்தாலும் சிலருக்குக் கிணற்றில் அள்ளிக் குளித்தால்தான் குளித்த மாதிரி. மூன்று மாதத்துக்கு அது கிடையாது. தொட்டியில் நிறைத்து வைத்து, கதிரையில் இருந்து, சின்னக் கோப்பையால் ஊற்றட்டும்.

இப்போதெல்லாம் 'எதையும் தொடாதே' என்பதை விட, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துச் செய் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். உடம்பைச் சுற்றி ஒரு குழாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேற்கை அந்தக் குழாய்க்குள் நிற்கும்வரை எலும்புக்கு வில்லங்கம் குறைவு. அதற்காகக் கையை மடித்துக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. பயத்தில் தோளை அசைக்காமல் இருந்து, நெஞ்சு ஆறும் நேரத்தில் தோள் இறுகிப்போனவர்கள் இருக்கிறார்கள். தோளை முன்னும் பின்னும் சுழற்றுவது, இரண்டு கையையும் ஒன்றாக, நோகாத அளவுக்கு உயர்த்தி இறக்குவது, இவை காலையும் மாலையும் பத்துத் தடவை. ஒரு கையை மட்டும் எட்டிப் பின்னால் இழுப்பது வேண்டாம்.

எழும்புவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய பிழை, அதற்குச் சாய்மனைக் கதிரைதான் முதற் காரணம். அதில் ஆழப் புதைந்து இருக்கிறவர் இரண்டு கைப்பிடியையும் பிடித்து உன்னாமல் எழும்ப முடியாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழும்பினால் பத்துத் தடவையும் கம்பி கட்டிய எலும்பில் உடம்பு முழுவதையும் தூக்குகிறார். கடையில் விற்கும் நிமிர்ந்த பிளாஸ்ரிக் கதிரை போதும், உயரம் காணாவிட்டால் இரண்டு கதிரையை அடுக்குங்கள். எழும்பும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை குனிந்து, காலால் எழும்பவேண்டும். ஒரு நாளில் பழகிவிடும். நாலு கிழமை கழிய இதையே பத்துத் தடவை எழும்பி இருக்கும் பயிற்சியாக்கலாம், தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. இருமல் வந்தாலும் அதே தலையணைதான், அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமவேண்டும். இருமலை அடக்கவேண்டாம்.

பாயில் படுக்கிறவர் என்றால் எங்கேயாவது ஒரு கட்டில் இரவல் வாங்குங்கள். நிலத்திலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது இந்த வயதில் பெரும்பாலும் முடியாத காரியம். கட்டிலிலும் நேரே எழும்பாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, அந்தப் பாரத்தோடு உடம்பை நிமிர்த்தவேண்டும். குந்தும் மலகூடம் என்றால், நடுவில் வெட்டிய கொமட் கதிரையை மேலே வைத்துக் கொடுங்கள். முக்கக் கூடாது. நோ மாத்திரைகள் சில மலத்தை இறுக்கும், பழமும் தண்ணீரும் இரண்டொரு நாளில் சரிசெய்யாவிட்டால் கிளினிக்கில் மருந்து கேளுங்கள்.

பேரப்பிள்ளையை ஓடிவந்து தூக்கக்கூடாது. இரண்டு வயதுப் பிள்ளை என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். அவர் கதிரையில் இருக்க, பிள்ளையை நீங்கள் மடியில் ஏற்றிவிடலாம். மோட்டார் சைக்கிள் மூன்று மாதம் வேண்டாம், கிரவல் றோட்டில் ஹாண்டிலைப் பிடிப்பது ஒன்று, விழுந்தால் நெஞ்சில் விழுவது இன்னொன்று. கிளினிக்குக்கு பஸ்ஸில் போனால் கட்டாயம் இருக்கை வேண்டும். மேல் கம்பியைப் பிடித்து நின்று, பஸ் பிறேக் போட்டால் அது ஒரு வாளி தண்ணீரை விடப் பெரிய இழுவை.

நாளம் எடுத்த கால் வீங்கும், அது பெரும்பாலும் பயப்படுகிற வீக்கம் அல்ல. இருக்கும்போது காலை வாங்கில் உயர்த்தி வைக்கட்டும், கால்மேல் கால் போடவேண்டாம். இதைச் சொல்லும்போது புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆள் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 2009இல் இடது முழங்காலுக்குக் கீழே இழந்தவர், பொய்க்காலோடு தோட்டம் செய்தவர். பைபாஸுக்கு நாளம் எடுத்தது அவருடைய நல்ல காலில். வாட்டில் கிடந்த நாட்களில் மிச்சக் கால் மெலிந்து பொய்க்காலின் கிண்ணம் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஊன்றுகோலை எடுத்திருக்கிறார். ஊன்றுகோல் என்றால் உடம்புப் பாரம் முழுவதும் கையால் நெஞ்செலும்புக்கு வருகிறது. மூன்றாம் கிழமை என்னிடம் வந்தபோது, இருமினால் நெஞ்சில் 'கிளிக்' என்று கேட்கிறது என்றார். உடனே திருப்பி அனுப்பினோம். நல்லகாலம், திரும்பத் திறக்கவேண்டி வரவில்லை. கிண்ணத்துக்கு மேலதிக உறை போட்டு இறுக்கி, சக்கர நாற்காலியில் வைத்து மற்றவர்கள் தள்ளி, ஆறு கிழமை கடந்தபின்தான் நடைக்கு வந்தோம். பொய்க்காலோடு நடப்பவருக்கு அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகும், ஆகவே மற்றவர்களின் நிமிடக் கணக்கை அவருக்குப் போடவில்லை. வன்னியில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி யாராவது இதைப் படித்தால், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததுமே, போகும் முன்னரே, பிஸியோவைப் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, கேட்க வெட்கப்படுவார்கள் என்பதால். மார்பின் பாரம் காயத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். முன்பக்கம் கொழுவும் மென்மையான உள்ளாடையை இரவிலும் போட்டால் நோவும் குறையும், காயமும் நன்றாக ஆறும். திருவலையில் தேங்காய் துருவுவது, சோற்றுப் பானை வடிப்பது, ஈரத் துணி பிழிவது மூன்றும் கப்பியில் அள்ளுவதற்குச் சமம். வீட்டு ஆண்கள் மூன்று மாதத்துக்குத் துருவிப் பழகட்டும்.

உடனே ஓடவேண்டியவை எவை என்று அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லிவையுங்கள், அப்போதுதான் மற்ற நேரத்தில் அவர் நிம்மதியாக இருப்பார். காயத்திலிருந்து சீழோ நீரோ வடிவது, காய்ச்சல், நெஞ்சில் அந்தக் 'கிளிக்', நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க மூச்சு முட்டுவது, படுத்தால் மூச்சு வராமல் எழும்பி இருப்பது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறுவது, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் புது நோ, நெஞ்சு தாறுமாறாக அடிப்பது. கடைசியாகச் சொன்னது பைபாஸுக்குப் பிறகு முதல் நாட்களில் பலருக்கு வருவது. நாடி ஒழுங்கில்லாமல் ஓடினால் வீட்டில் வைத்திருக்கவேண்டாம். நெஞ்சை அமுக்குகிற நோ, மயக்கம் என்றால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. ஆட்டோ தேடி நேரம் கழிக்கவேண்டாம். காயத்தைச் சுற்றிய விறைப்பு, இடது நெஞ்சில் மரத்த தோல், குனியும்போது குத்துவது, பின்கழுத்து நோ எல்லாம் எதிர்பார்க்கிறவை.

நோவுக்குப் பரசிற்றமோல் குடிக்கலாம். பார்மசியில் போய் டைக்ளோபெனக் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். பைபாஸ் செய்தவருக்கு அது ஆகாது, சிறுநீரகமும் கெடும். அஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் 'இப்ப சுகம்தானே' என்று நிறுத்துவது, கம்பி வைத்துக் கட்டியதை நாமே அவிழ்ப்பது மாதிரி. புதிதாக வைத்த நாளமும் அடைபடும். சாப்பாட்டில் பெரிதாக எதுவும் இல்லை: கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் குறையுங்கள், குளத்து ஜப்பான் மீனும் (திலாப்பியா) முருங்கையிலையும் தாராளமாகக் கொடுங்கள். சுருட்டும் புகையிலையும் இனி இல்லை, 'வெத்திலைக்குள்ள கொஞ்சம்' என்பதும் இல்லை. இருதய வால்வு மாற்றியவர்களில் பலர் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குடிப்பார்கள். அவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது, கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக உண்டு, இரத்தப் பரிசோதனையை விடாமல் செய்யவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா கதிரையை விட்டு எழும்பாததற்கு அம்மா மட்டும்தானா காரணம்? நெஞ்சு திறந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது மனம் சோர்ந்துபோகும். சாப்பாட்டில் ருசி இல்லை, நித்திரை இல்லை, சும்மா கண் கலங்குகிறது, ரேடியோவும் வேண்டாம் என்கிறார் என்றால் அதைச் சோம்பல் என்று பேசவேண்டாம். இங்கே இன்னொன்றும் உண்டு. இவ்வளவு இடப்பெயர்விலும் செல்லடியிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்து தப்பிவந்த ஆள், இப்போது வீட்டுக் கதிரையில் தன் நெஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு இருக்கிறார். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த நாட்கள் சிலருக்குப் பழைய நாட்களைத் திரும்பக் கொண்டுவரும். இரண்டு மூன்று கிழமையில் குறையாவிட்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், பிஸியோவுக்குக் காட்டுவது போல்தான் அதுவும். பெரும்பாலானவர்களுக்கு முதல் மருந்து, பின்னேரம் கூட நடக்க ஒருவர் வருவது.

எங்கே போவது என்றீர்கள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் அந்தப் பிரிவுக்கு ஒரு கடிதம் கேளுங்கள். தந்த துண்டில் ஒரு வரியாவது இருக்கிறதே, அதைக் காட்டுங்கள். ஆறாம் கிழமை பார்த்துப் போனால், ஆறு நிமிடத்தில் எத்தனை மீற்றர் நடக்கிறார் என்று விறாந்தையில் அளந்து, நடக்க முன்னும் பின்னும் அழுத்தமும் ஒட்சிசனும் பார்த்து, அடுத்த படியை எழுதித் தருவார்கள். பிறகு மாதம் ஒரு தடவை காட்டினால் போதும். யாழ்ப்பாணத்துக்கு எழுபது கிலோமீற்றர் கிழமைக்கு மூன்று நாள் போய்வரத் தேவையில்லை. அதுவரை ஒரு கொப்பியில் திகதி, எத்தனை நிமிடம், நடந்தபின் நாடி, காலை நிறை நாலையும் எழுதி வையுங்கள். நெல்லு நிறுக்கிற தராசில் ஏற்றவேண்டாம், அதில் இரண்டு கிலோ தெரியாது.

கணவன் மனைவி உறவு பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடிப் படியைச் சாதாரண வேகத்தில், மூச்சு முட்டாமல் ஏற முடிந்தால், ஆறு முதல் எட்டுக் கிழமைக்குப் பிறகு பயமில்லை. கையில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கடைசியாக வயல். விதைப்பு ஒக்ரோபரில் என்றால் அவருக்கு அப்போது எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட கிழமை. வரம்பில் நடக்கலாம், ஆளை வேலை வாங்கலாம், வாய் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெசினைப் பிடிக்கக்கூடாது, அந்த உதறல் நேரே நெஞ்செலும்புக்குத்தான் போகும். மண்வெட்டியும் இல்லை. 12 கிழமை கழிந்து, கிளினிக்கில் எலும்பு பொருந்திவிட்டது என்று சொன்னபின், சின்னப் பாரம் தூக்கும் பயிற்சியைத் தொடங்குவோம். அரை லீற்றர்ப் போத்தல் இரண்டில் தண்ணீர், பிறகு ஒரு லீற்றர். கார்த்திகை கழிய வாய்க்காலில் மெல்ல மண் வழிக்கலாம். ஒரு அந்தர் (ஏறத்தாழ ஐம்பது கிலோ) பசளைப் பை, 16 லீற்றர் மருந்துத் தாங்கி இரண்டும் இந்தப் போகத்துக்கு மகனுக்கோ கூலிக்கோ விடுங்கள். அடுத்த சிறுபோகத்தில் வழமையான வேலைக்குப் பெரும்பாலும் திரும்பிவிடுவார், இன்றைக்கே நடக்கத் தொடங்கினால்.

அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு அவர் பேரில் காவடி நேர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, எலும்பு அதற்குள் இறுகிவிடும். தூக்குக்காவடி மட்டும் வேண்டாம். அஸ்பிரின் குடிக்கிற உடம்பில் செடில் குத்தினால் இரத்தம் நிற்க நேரமெடுக்கும். பால்செம்பு எடுக்கட்டும், அம்மன் கோபிக்கமாட்டா.